குணத்துக்கு ஒரு கட்டம்

பொங்கல் விடுமுறையில், பரீட்சைக்குப் படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுச் செவ்வந்தி கூத்தாநல்லூருக்கு பஸ் ஏறினாள். அதே பஸ்ஸில் மதுரமும் ஏறினாள். நீடாமங்கலம் தாண்டும்வரை ஒருத்தி முன்சீட்டிலும் ஒருத்தி பின்சீட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படித்தான் உட்கார வேண்டியிருந்தது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே ஊர். மதுரத்தின் அப்பா கல்யாணராமனுக்கு அங்கே நிலம் அதிகம். அந்த நிலத்தில் இறங்கி அறுப்பவர்களின் சங்கத்துக்குச் செவ்வந்தியின் அப்பா கோவிந்தராசுதான் தலைவர். ஆட்சி மாறி ஓராண்டு ஆகியிருந்தது. கூலி உயரும் என்று ஒரு பேச்சு, உயராது என்று ஒரு பேச்சு. பேச்சு முடியாமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. முற்றிய சம்பா கதிர் வயலில் தலைசாய்த்து நின்றது. ஊரில் அந்தப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால்கூட வம்பு. கும்பகோணத்துக் கல்லூரி விடுதியில் மட்டும் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே எண்ணெய்ப் பாட்டில்.

அந்த அறையின் மூன்றாவது ஆள் சஃபியா; இருவரும் இப்போது போனது கூத்தாநல்லூரிலிருக்கும் அவள் வீட்டுக்குத்தான். அவளுடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்திருந்தான். உள்ளே கண்ணாடி போல மினுங்கும், இருபது முகம் வரை உள்ள பகடைகளும் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் இருந்தன. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். நினைத்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துபவள் சஃபியா. செவ்வந்திக்கு மின்னி என்ற திருடி வேடம். சுவரேறுவாள், பூட்டுத் திறப்பாள். மதுரத்துக்கு வாள்மதி என்ற வீராங்கனை.

வேடம் எழுதும் தாளில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. ஒரு பக்கம் சட்டத்தை மதிப்பவர், நடுவில் நிற்பவர், தன் இஷ்டப்படி நடப்பவர். இன்னொரு பக்கம் நல்லவர், இரண்டும் இல்லாதவர், கெட்டவர். ஏதாவது ஒரு கட்டத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

"ஒம்போது கட்சியா? எங்க தொகுதியில கூட இத்தனை பேரு நிக்கலடி!" என்று செவ்வந்தி சிரித்தாள்.

"கட்சி இல்லடி, குணம். நீ எழுதலைன்னா விளையாட்டு ஆரம்பிக்காது," என்றாள் சஃபியா.

"குணத்தை எழுதிவெச்சுட்டா யாராச்சும் நடக்குறா? சரி, இஷ்டப்படி நடக்குறவ, ஆனா நல்லவ. போட்டுக்க."

மதுரம் யோசித்து யோசித்து, சட்டத்தை மதிக்கிற நல்லவள் என்று எழுதினாள்.

அன்றைய கதை மேல்மதகுக் கோட்டையில் நடந்தது. ஆற்றுத் தலைப்பில் இருக்கும் மதகைப் பூட்டிவைத்திருக்கிறான் ஒரு பிரபு. கீழே பத்து ஊர் வயல் வெடித்துக் கிடக்கிறது. பூட்டுகிற உரிமை அரசன் அவனுக்குக் கொடுத்தது. கோட்டையைக் காக்க நெருப்பு கக்கும் உடும்பு ஒன்று உண்டு. சஃபியா அந்த உடும்பைப் போல உறுமிக் காட்டியபோது, கீழே அடுப்படியிலிருந்து அவளுடைய உம்மா, "அங்கே என்ன சத்தம்? படிக்கிறீங்களா, கூத்தடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"படிக்கிறோம் உம்மா! சத்தம் போட்டுப் படிக்கிறோம்!"

செவ்வந்தி பகடையை உருட்டினாள். மின்னி சுவரேறிவிட்டாள். மறுபடி உருட்டினாள். உடும்பின் வாலுக்கடியில் ஊர்ந்து போய்விட்டாள். அவளுக்கு அறை மறந்துபோனது, பஸ் மறந்துபோனது. எதிரே பிரபுவின் களஞ்சியம் தெரிந்தது. உள்ளே மூட்டை மூட்டையாக நெல்லும், காவலர்கள் சிலரும். எல்லாரும் தூங்குகிறார்கள் என்றாள் சஃபியா.

"கதவை வெளியில தாழ்ப்பாள் போடுறேன். உடும்பை உசுப்பி விடுறேன். கக்கட்டும் நெருப்பை. மொத்தமும் எரியட்டும்!" என்றாள் செவ்வந்தி. குரல் அவளுடையது போலவே இல்லை.

"உள்ளே ஆள் இருக்காங்கடி," என்றாள் மதுரம்.

"இருக்கட்டுமே! அவன் ஆளுங்கதானே?"

சஃபியா பகடையைக் கொடுக்கவில்லை. தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். "நல்லவன்னு நீதான் எழுதியிருக்க. வேணாம்னு நான் சொல்லல. எரிக்கிறதுன்னா எரி. ஆனா முதல்ல இதை அடிச்சுட்டுக் கெட்டவன்னு எழுது. அப்புறம் உருட்டு."

செவ்வந்தி பேனாவை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. அவள் பிறப்பதற்கு முன்னால், கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அவள் அப்பா அதைச் சொல்லாத வருஷம் இல்லை. வெளியில் தாழ்ப்பாள் போட்டவர்கள் யார் என்று அவர் எப்போதும் அழுத்திச் சொல்வார். அந்தத் தாழ்ப்பாளைத்தான் தானும் இப்போது போடப் போனது அவளுக்கு உறைத்தது.

"விளையாட்டுதானேடி," என்று மதுரம் மெதுவாகச் சொன்னாள்.

"விளையாட்டுன்னாலும் வேணாம். மின்னி அப்படிச் செய்யமாட்டா." பேனாவைக் கீழே போட்டாள். "ஆனா தண்ணி வேணுமே! இப்போ என்னடி பண்றது?"

இருவரும் மதுரத்தைப் பார்த்தார்கள். மதுரம் தன் தாளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத்தான் சிக்கல்," என்றாள். "சட்டப்படி பூட்டு அவனோடது. நல்லவளா இருந்தா ஜனங்களைக் காய விடக்கூடாது. ரெண்டையும் நானே எழுதித் தொலைச்சிருக்கேன்."

"ஒண்ணை விட்டுடு."

"விடமாட்டேன். கொஞ்சம் பொறு." அவள் எழுந்து அறைக்குள் நடந்தாள். திடீரென்று திரும்பினாள். கண்கள் பளபளத்தன. "முன்வாசலுக்குப் போறேன். முரசடிச்சு எல்லாரையும் எழுப்புறேன். பிரபு முகத்துக்கு நேரே சொல்றேன்: உன் பூட்டை உடைக்கப் போறேன், ஒளிஞ்சு உடைக்கல, பகல்ல உடைக்கிறேன். உடைச்சதும் வாளை அரசன்கிட்ட வெச்சுட்டு, தண்டனை எதுவோ ஏத்துக்கிறேன்!"

செவ்வந்திக்கு உடம்பு சிலிர்த்தது. "உருட்டுடி! உருட்டு!"

பகடை தரையில் துள்ளி, கட்டில் காலில் மோதி நின்றது. இருபது! மூவரும் ஒரே கத்தலாகக் கத்தினார்கள். பூட்டு தெறித்தது. மதகு உயர்ந்தது. நுங்கும் நுரையுமாகத் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது என்று சஃபியா கைகளை விரித்துச் சொன்னபோது, செவ்வந்தி கட்டில்மேல் ஏறிக் குதித்தாள்.

வாள்மதியைச் சிறையில் போட்டார்கள். மின்னி கூரையைப் பிரித்து உள்ளே இறங்கினாள்.

"வா, ஓடிடலாம்!"

"வரமாட்டேன். தண்டனையை ஏத்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"அடிப் பைத்தியமே, கயிறு கட்டிக்கிட்டு வந்திருக்கேன்!"

"கயித்தை அவுத்துக்கிட்டுப் போ."

செவ்வந்தி தலையிலடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு இவ்வளவு பிடித்த ஒரு மறுப்பை அவள் கேட்டதேயில்லை. இவள் இப்படித்தான் சொல்வாள், வேறு மாதிரி சொல்லமுடியாது என்று தெரிந்தபோது ஒரு தைரியம் வந்தது. ஊர் ஊராகக் கயவாளி என்று தேடப்படும் மின்னி, தானே அரசவைக்குள் நடந்துபோய்ச் சாட்சி சொன்னாள். வெடித்த வயலிலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்து அரசன் காலடியில் வைத்தாள். பகடை ஒருமுறை ஏமாற்றியது, மறுமுறை கை கொடுத்தது. மதகுச் சாவி ஊர்க்காரர்களிடம் போனது. வாள்மதிக்கு ஓராண்டு நாடு கடத்தல்.

"நியாயம்தான்," என்றாள் மதுரம், பெருமையோடு.

தம்ரூட் என்ற ரவை இனிப்புத் தட்டோடு மேலே வந்த உம்மா, கட்டில்மேல் நின்றவளையும் தரையில் உருண்டு சிரித்தவளையும் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டே தட்டை வைத்துவிட்டுப் போனார்.

தின்றுகொண்டிருக்கும்போது செவ்வந்தி கேட்டாள். "உங்கப்பாகிட்ட கூலி விஷயமா ஏதாச்சும் பேசுவியா?"

மதுரம் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். "வாள்மதிக்கு வாள் இருந்துதுடி. எனக்குப் பயமா இருக்கு. ஆனா பேசாம இருந்தா இனிமே இந்தக் கட்டத்துல என் பேரை எழுத முடியாது போலிருக்கு."

பேசத்தான் செய்தாள். ஊர் திரும்பிய மறுநாள் சாப்பாட்டு வேளையில் வாய்திறந்ததும் கல்யாணராமன் இலையை விட்டு எழுந்துபோனாராம். அறுப்புத் தொடங்கியது அதனால் அல்ல. தாசில்தார் முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்து, கேட்டதில் பாதிக்குச் சம்மதித்தார்கள். கோவிந்தராசு அதிலும் திருப்தியில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார். மதுரம் தன் அப்பாவிடம் கூலி பற்றிக் கேட்ட கதை சமையல்கட்டு வழியாகத் தெருவுக்கு வந்து அவர் காதையும் எட்டியது. "அந்தப் பொண்ணா கேட்டுச்சு?" என்று மகளிடம் இரண்டு முறை விசாரித்தார்.

விடுதி திறந்ததும் மூவரும் மறுபடி தாளை விரித்தார்கள்.

"இந்தத் தடவை நான் கெட்டவ," என்றாள் மதுரம். "சுத்தமா கெட்டவ. எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

"உன்னால ஒரு நிமிஷம் முடியாது," என்றாள் செவ்வந்தி.

"பந்தயம்!"

சஃபியா பகடைகளைக் கையில் குலுக்கினாள். செவ்வந்தி பேனாவைத் திறந்து, ஒன்பது கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்த முறை வெகு நிதானமாகத் தேர்ந்தெடுத்தாள்.