அக்கம்பக்கத்து விசாரணையில் தெரியவருவது

...காக்கிச் சட்டையிலேயே வந்து தொலைத்திருக்கலாம் அந்த ஆள், வந்திருந்தால் பிச்சம்மாள் அத்தை வாயே திறந்திருக்க மாட்டாள், வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு ஃபைலுமாக மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் எப்படிம்மா, பழக்கவழக்கம் எப்படி, வெளிநாட்டில் யாரோடு இருந்தார் என்று பவ்யமாகக் கேட்டால் சங்கரன்கோவிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணமாகாத மாரிக்கண்ணனுக்குக் கடைசியில் ஒரு இடம் குதிர்ந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மோர் கொடுத்து உட்காரவைத்து அள்ளிவிட்டுவிட்டாள். ராயகிரிப் பக்கத்துச் சம்பந்தமா இருக்கும்னுல்லா நினைச்சேன் மக்கா, போலீசுன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருந்துச்சு என்று இன்று காலையில் அவனையே திருப்பிக் கேட்டாள். போலீஸ் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி மாரிக்கண்ணன் மறுபடியும் மணி பார்த்தான், பதினொன்று இருபது, ஜன்னல் வழியாக எஸ்.ஐ. மேஜைக்கு முன்னால் அத்தையின் முதுகு தெரிந்தது, கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், ஸ்டேஷனுக்கு யாராவது பட்டு உடுத்துவார்களா...

பதினோரு வருஷம் வளைகுடாவில் அடுத்தவன் விமானத்தை ஓட்டியாகிவிட்டது, புயலில் இறக்கியாயிற்று, புழுதிக்காற்றில் இறக்கியாயிற்று, ஒருநாள்கூட ஒருத்தனும் நீ யார் என்று சந்தேகப்பட்டதில்லை, அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பியபின் சொந்த நாட்டில் ஒரு வேலை கிடைத்தால், ஏர்போர்ட்டுக்குள் காலெடுத்துவைக்க பாஸ் வேண்டும், பாஸுக்குப் போலீஸ் நற்சான்று வேண்டும், வெளிநாட்டில் எந்தெந்த விலாசத்தில் படுத்து எழுந்தாய் என்று மாதவாரியாக எழுதித் தர வேண்டும், எழுதினான், எட்டுப் பக்கம். நாலு மாதம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை சென்னையில் பயிற்சி வகுப்பு தொடங்குகிறது, அதற்குள் பாஸ் இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவனுக்கு, இன்றைக்கு வெள்ளிக்கிழமை. நேற்று ஏட்டம்மா சுமதி இரக்கப்பட்டு ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டினாள், மேற்படி நபருக்கு வெளிநாட்டில் சொந்த வீடு உள்ளதாகவும், அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றிருப்பதாகவும், அந்நாட்டுப் பெரும்புள்ளிகளுடன் நெருங்கிப் பழகுபவர் என்றும் அக்கம்பக்கத்து விசாரணையில் தெரியவருகிறது. வாசித்துவிட்டு, இது எதையும் நீங்க ஃபாரத்துல எழுதலையே சார், மறைச்ச மாதிரில்லா ஆகுது, சொன்னவங்களையே கூட்டிட்டு வந்து மாத்தி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க என்றாள். மறைத்தானாம்! எதை மறைக்க, ஒரே ரூமில் நாலு பேராகப் படுத்துக் கிடந்ததையா?

ஆனால் அத்தையைக் குறை சொல்லி என்ன, அவள் சொன்னது அத்தனையும் அவன் சொன்னதுதானே. வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் போடுவான், அம்மா அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கேப்டன் பரீட்சையில் முதல் தடவை தோற்றபோது அடுத்த மாதம் முடிவு தெரியும் என்றான், இரண்டாவது தடவை தோற்றபோது பாஸாகிவிட்டேன், தோளில் நாலு கோடு என்றான், கடைசிவரைக்கும் மூன்றுதான், துணை விமானிதான். கேப்டன் ஆனவன் ரூமில் இருக்க முடியுமா, அதனால் வீடு வாங்கினான், வீடு வாங்கியவன் எப்போது ஊருக்கு வருவான் என்று அவள் கேட்டாள், அதனால் இங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள் என்றான், ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று... அம்மா போய் இரண்டு வருஷமாயிற்று, பொய்கள் மட்டும் பக்கத்து வீட்டில் பத்திரமாக இருந்திருக்கின்றன. இன்று காலை அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நீ உங்கம்மைகிட்ட சொன்னதெல்லாம்... என்று ஆரம்பித்தாள், அவன் தலையைக் குனிந்ததும் மேலே கேட்கவில்லை, இரு, சேலை மாத்திட்டு வாரேன் என்று எழுந்து போனாள்.

உள்ளே அவள் குரல் நன்றாகவே கேட்டது, வீடு கிடையாது சார், ரூம்புதான், நாலு பேரு கிடந்தாங்களாம், நிரந்தரமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, நாந்தான் கூட்டிச் சொல்லிப்புட்டேன். சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள், எஸ்.ஐ. எழுதிக்கொண்டே வந்தார், மாரிக்கண்ணனுக்கு மூச்சு சீராக வந்தது. அப்போது எஸ்.ஐ. சும்மா பேச்சுக்கு, அப்ப பதினோரு வருஷத்துல ஒண்ணுமே இல்லையாக்கும் என்றார். அத்தையின் முதுகு நிமிர்ந்தது. ஒண்ணுமில்லேன்னு எப்படிச் சொல்லுதீய? பெத்தவளை பிளேன்ல முன்னாடி, தன் பக்கத்துல உக்காரவச்சு ஓட்டிட்டுப் போனவன்லா அவன், இந்த ஊர்ல எவன் செஞ்சான்? பேனா நின்றது. முன்னாடின்னா, ஓட்டுத ரூமுக்குள்ளயா? ஆமா, பெறகு!

எழுந்துவிட்டான், ஓட்டுகிற அறைக்குள் வெளியாளை ஏற்றினான் என்று ஒரு வரி எழுதினால் போதும், திங்கட்கிழமை என்ன, எந்தக் கிழமையும் கிடையாது, லைசென்ஸே போய்விடும், போய்ச் சொல்ல வேண்டும், சுத்தப் பொய் சார், என் அம்மா விமானத்தில் ஏறியதேயில்லை... ஏறியதேயில்லை. வீட்டாருக்கென்று கம்பெனி வருஷத்துக்கு இரண்டு டிக்கெட் இலவசமாகத் தந்தது, வந்தால் அந்த ரூமையல்லவா பார்ப்பாள், அடுத்த வருஷம் பார்க்கலாம்மா, அடுத்த வருஷம், அவள் போகும்வரை ஒன்பது அடுத்த வருஷம். ஆனால் இதை அவன் சொல்லவில்லையே, வீட்டைச் சொன்னான், தோளில் நாலு கோட்டைச் சொன்னான், இதைச் சொன்னதில்லை, அப்படியானால் அத்தை இப்போது நின்ற நிலையில் இட்டுக்கட்டுகிறாளா? கெளம்பும்போது காது ரெண்டும் அடைச்சுப் போச்சாம், பயந்துபோய்க் கண்ணை மூடிக்கிட்டாளாம், இவன் ஒரு கையால அவ கையைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுனானாம், எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா! இல்லை, இது அத்தையின் சரக்கில்லை. அப்படியென்றால் அம்மா, மகன் ஏன் கூட்டிப்போகவில்லை என்று ஊர் கேட்பதற்குமுன் அவளே...

சார், இங்க வாங்க, இந்தம்மா சொல்லுதது நெசமா என்று எஸ்.ஐ. கூப்பிட்டார். அத்தை திரும்பி, எடுத்துச் சொல்லு மக்கா என்பதுபோலப் பெருமையாகப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைத்துவிடும், அம்மா இத்தனை தடவை சொன்னது பொய் என்று அத்தைக்குத் தெரிந்துவிடும். மாரிக்கண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், எஸ்.ஐ. இன்னொரு தடவை கேட்டார்.