கிழிந்த பக்கத்தில் என்ன இருந்தது?

1

இந்தக் கதை எரிச்சலில் தொடங்கியது. வேறு ஏதாவது காரணம் சொல்லலாமோ என்று யோசித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. எனக்கு ஒரு ஆளில் எரிச்சல். பெயர் கஜனி. இறுப்பிட்டியில் எங்கட ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நூலகம் பார்க்கிற ரீச்சர். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவ. அதுதான் கரைச்சல். கெடுதல் செய்திருந்தால் ஒரு சண்டையோடு முடிஞ்சிருக்கும், கதை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் சிவகரன். மதில் கட்டுகிற வேலை. வெளிநாட்டில் இருக்கிறவையின்ர காணிகளைச் சுற்றி எழுப்புவோம். உள்ளே ஒருத்தரும் இல்லை, மதில் மட்டும் வடிவாக நிற்கும். பள்ளிக்கூட வயதில் மாடு மேய்க்கச் சாய்த்தேன், பிறகு இடம்பெயர்வு, பிறகு கூலி. எழுத்து வந்தது நாற்பது தாண்டித்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. [பொறுக்காவிட்டாலும் வாசியுங்கோ.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கஜனி ஒரு பெருமைக்காரி. பிள்ளைகளைக் கண்டால் அவளுக்கு—"

வெட்டிவிட்டேன். பிள்ளைகளைக் கண்டால் அவவின்ர முகம் என்ன மாதிரி ஆகும் என்று ஊருக்கே தெரியும். பொய் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், இறுப்பிட்டி நம்பாது.

இரண்டாவது தொடக்கம்:

"சோளகக் காற்று அடிக்கிற ஒரு காலை, கடலுக்கு நடுவால் ஒரு ஸ்கூட்டி சரிஞ்சு சரிஞ்சு வந்தது."

இது உண்மை. நாரந்தனையிலிருந்து வேலணை தாண்டி, எங்கட தீவுக்குக் கடலுக்கு மேலால் போட்ட தெருவால்தான் வருகிறா. ஆனால் இப்படித் தொடங்கினால் கதை முழுக்க அவவின்ரதாகிவிடும். பார்த்தீர்களா, வசனம் முடிய முதலே நீங்கள் ஸ்கூட்டிக்குப் பின்னால் போகிறீர்கள். கண்டனான். நான் இஞ்சை சீமெந்துச் சட்டியோடு நிற்கிறேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை.

3

சரி, நியாயமாக எழுதுகிறேன்.

அவ வந்தபோது நூலகம் என்றது உடைஞ்ச மேசைகள் அடுக்கின ஒரு அறை. மூலையில் ஒரு அலுமாரி, பூட்டுப் போட்டது. திறப்பு அதிபரிடம். பழுதாகிவிடும் என்று புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கறையானுக்கு மட்டும்தான் அனுமதி.

கஜனி மேசைகளை வெளியே தூக்கிப்போட்டு, பாய் விரித்து, பூட்டைக் கழற்றினா.

"பிள்ளையள் கிழிச்சுப்போடுவாங்கள் ரீச்சர்," என்றார் அதிபர்.

"கிழிக்கட்டும் சேர். ஆனால் கிழிச்ச பிள்ளை, அந்தப் பக்கத்தில என்ன இருந்ததெண்டு எல்லாருக்கும் சொல்லவேணும்."

அது சட்டமாகிவிட்டது. அடி இல்லை, தண்டம் இல்லை. முதலில் கிழித்தவன் கீர்த்திகன் என்ற இரண்டாம் வகுப்புக்காரன். நரி கிணற்றில் விழுந்த பக்கம். அவன் சொன்னதில் நரி கிணற்றுக்குள்ளாலேயே குறிகட்டுவான் துறைக்குப் போய், வள்ளம் ஏறி, நயினாதீவில் அன்னதானம் சாப்பிட்டது. புத்தகத்தில் இருந்ததைவிட அது நல்ல கதை. பிறகு மற்றப் பிள்ளைகள் வேண்டுமென்றே கிழிக்கத் தொடங்க, "கிழிக்காமலும் சொல்லலாம்" என்று சட்டத்தைத் திருத்தினா.

சனி ஞாயிறில் யாழ்ப்பாணம் போய் நூலகப் படிப்பும் படித்து முடித்தா. டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூட நூலகத்துக்குக் கூப்பிட்டார்கள், போகேல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்கை பிள்ளையள் வளர்ந்திட்டுதுகள் அண்ணை. சத்தம் போடாதுகள்," என்று சிரித்தா.

அந்த அறைக்கு நிலம் போட்டவன் நான். வேலை முடியச் சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி இருந்து, அவ கையில் தந்த படப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தவனும் நான். ஒரு நண்டைப் பற்றியது. என் எரிச்சல் அதில் இல்லை. பின்னேரம் ஸ்கூட்டியை எடுக்கேக்கை அவவின்ர முகம் காலமை கொண்டுவந்த அதே முகமாக இருக்கும். அதில்தான். நான் வேலை முடிஞ்சு கண்ணாடி பார்த்தால், தூசிக்குள் நிற்கிற ஆளை எனக்கே பிடிக்காது. அவவும் களைக்கிறவதான். ஆனால் அது விரும்பிக் களைத்த களைப்பு. அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கென்று எனக்கு ஆரும் சொல்லேல்லை.

(குறிப்பு: என் மனைவி பிரியவதனி இந்த இடத்தை வாசித்துவிட்டு, "அந்த ரீச்சரின்ர முகத்தை நீங்கள் ஏன் காலமையும் பின்னேரமும் பார்க்கிறியள்?" என்று கேட்டா. அது அவவின்ர எரிச்சல். அதுக்கு அவ தனியாகக் கதை எழுதட்டும்.)

4

எங்களுக்குப் பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை இந்துஜா. மூன்று வயது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கவேணும். தாம்பாளத்தில் பச்சையரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து அதில் 'அ' எழுதுவிக்கிறது. பிடிக்கிறது படித்த கையாக இருக்கவேணும்.

மதில் கட்டிக் களைச்ச உடம்போடு நான் எழுத்துப் படித்தது எதுக்கு? அந்த விரலைப் பிடிக்கத்தான். அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்ன அன்று குசினியில் நடந்தது:

"கஜனி ரீச்சரிட்டைக் குடுப்பம். ஊரெல்லாம் அவவிட்டைத்தான் குடுக்கப்போகுது."

"ஏன், நான் தொடக்கக்கூடாதோ?"

பிரியவதனி சட்டி கழுவுகிறதை நிறுத்தினா. "உங்களுக்கு ஆர் தொடக்கினது?"

"ஒருத்தரும் இல்லை."

"பின்னை? ஏடு தொடக்காத ஆள் பிள்ளைக்குத் தொடக்கலாமோ? விளையாடாதேங்கோ."

"எனக்கு இப்ப வாசிக்கத் தெரியும்."

"எனக்கும்தான் ரொட்டி சுடத் தெரியும். அதுக்காக நான் பேக்கரியோ?"

"இஞ்சாரும், அவள் என்ர பிள்ளை."

"அதாலைதான் நல்ல கையில குடுப்பம் எண்டுறன்."

நல்ல கை. இந்தச் சொல்லை வெட்டப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலும் வந்து நின்றது. விட்டுவிட்டேன்.

5

விஜயதசமி. பள்ளிக்கூட மண்டபத்தில் அதிபர் பட்டுச் சால்வையோடு இருந்தார். வரிசை நின்றது நூலக வாசலில். அதிபர் தன்ர அரிசியில் ஈ கலைத்துக்கொண்டிருந்தார். [அவர்மேல் எனக்கு அன்றைக்குத்தான் அன்பு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம்.]

முன்னுக்குப் பேரனோடு நின்ற கமலாதேவி அக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"என்ன சிவகரன், சவரம், வேட்டி? நீயோ அ எழுதப்போறாய்?"

வரிசை முழுக்கச் சிரித்தது.

"ஓம் அக்கா, உங்களுக்குப் பிறகு," என்றேன்.

எங்கள் முறை வந்தது. கஜனி கையை நீட்டினா. "வா குஞ்சு." பிரியவதனி பிள்ளையை இறக்கிவிட்டா. இந்துஜா போகேல்லை. என்ர வேட்டியைப் பிடித்தபடி ஒரு கையை மட்டும் நீட்டினாள். சின்ன விரல் அரிசிக்கு மேலே வந்து நின்றது. கஜனி அந்த விரலைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"சிவகரன் அண்ணை, நீங்கள்—"

அவ அந்த வசனத்தை முடித்தா. நான் இஞ்சை முடிக்கமாட்டேன்.

6

முடிவு ஒன்று. "நீங்கள் பிடியுங்கோ," என்றா. நான் பிடித்தேன். பார்த்தவைக்குக் கண் கலங்கினது. [இதில் நல்லவ ஆர்? திரும்பவும் அவதான். என்ர பிள்ளையின் விரலை எனக்கே தானம் தந்தவ. வெட்டு.]

முடிவு இரண்டு. "நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றா. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். [இதில் நான் வெல்லுறன். ஆனால் நாளைக்கு இந்துஜா அந்தப் பாயில் எப்படிப் போய் இருப்பாள்? என்ர எரிச்சலுக்காக அவள் அந்த நண்டை வாசிக்காமல் விடுகிறதோ? வெட்டு.]

முடிவு மூன்று. "நீங்கள் முதல்ல இருங்கோ," என்றா. சீமெந்தில் வெடிச்ச என்ர விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்தா. அதுக்குப் பிறகு பிரியவதனிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு நான் என்ர பிள்ளையின்— [இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். எரிச்சல்காரன் எரிச்சல் பிடிச்ச ஆளிட்டையே இப்படி ஆசைப்படலாமோ? வெட்டவும் ஏலாது, வைக்கவும் ஏலாது. கிடக்கட்டும்.]

7

நடந்ததையும் ஒரு பக்கத்தில் எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். அதில் கஜனி சொல்லுகிற அந்த ஒரு வசனம், நான் இதுவரை எழுதின எல்லாவற்றையும்விட நல்லாயிருந்தது. என்ர கதைக்குள் வந்து நின்றுகொண்டு என்னைவிட நல்லாகக் கதைக்கிற ஆளை என்ன செய்கிறது?

இப்போது இந்துஜாவின் விரல் அரிசிக்கு மேலேயே நிற்குது. நான் முடிக்காதவரைக்கும் அப்படியே நிற்கும். அதுவரைக்கும் என்ர வேட்டியை அவள் விடமாட்டாள்.

கிழித்த ஆள்தான் சொல்லவேணும் என்கிறது அந்த அறையின் சட்டம். நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லுங்கோ, கிழிக்காமலும் சொல்லலாம். ஆர் பிடித்தாலும் அமத்திப் பிடிக்காதேங்கோ, பச்சையரிசி குத்தும்.

[இப்போதுதான் கண்டேன். என் கதையின் முடிவும் அவவின்ர சட்டத்தில்தான் வந்து நிற்குது.]

இன்னொன்று. கஜனியிட்டைப் போய்க் கேளாதேங்கோ. அவவுக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். என்னைவிட வடிவாகச் சொல்லிப்போடுவா.