மேஜரம்மாவின் தெரு

சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் வழுக்கி வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு மூலை. உதறி, இழுத்து, மூலையோடு மூலை சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். மறுபடி விலகி, மறுபடி நெருங்க வேண்டும். அந்தச் சலவைக்கூடத்தில் பேச்சும் அந்த நடைக்குத் தகுந்தபடிதான் நடக்கும். விலகி நிற்கும்போது உருளைகளின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. நெருங்கி வரும்போது ஒரு வாக்கியம் பேசலாம்.

"அவரு நாளை மறுநாள் பதில் சொல்லியாகணும் அண்ணி," என்றாள் மேஜரம்மாவின் தம்பி மனைவி, தன் மூலைகளை நீட்டிக்கொண்டே.

மேஜரம்மா மூலைகளை வாங்கி மடிப்பை முடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்த விரிப்பு வந்தது.

"அங்க இதுல பாதி வாடகைக்கு ரெண்டு ரூம் கிடைக்குமாம்."

"உன் மூலை எப்பவும் ஒரு விரல் கம்மி. இழுத்துப் பிடி."

மேஜரம்மா என்பது அவள் முதுகுக்கு வைத்த பெயர். பத்து மணி நேரம் நின்ற பிறகும் அந்த முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. சலவைக்கூடத்துப் பெண்கள் முதலில் மறைவில் சொன்னார்கள். பிறகு நேரிலேயே கூப்பிட்டார்கள். அவள் அதை மறுக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை.

விரிப்புகள் பல இடங்களிலிருந்து வரும். மாறிவிடக்கூடாது என்று ஓரத்தில் நூல் தைத்திருக்கும். பெரிய விடுதிக்கு நீலம், மருத்துவமனைக்குச் சிவப்பு. போன வருஷத்திலிருந்து பச்சை நூலும் வந்துகொண்டிருந்தது. மெல்லிய, விலை உயர்ந்த துணி. அது எங்கிருந்து வருகிறதென்று யாரும் கேட்டதில்லை.

கூலி ஜோடிக்குத்தான். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒரே ஜோடியாக இத்தனை வருஷம் நிற்பது அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு. "வீட்டுல பாத்திரம் பறக்கும், இங்க வந்தா விரிப்பு பறக்கும்," என்பாள் பக்கத்து மேசைக்காரி.

சூப்பர்வைசர் அடுக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நின்றார். "மேஜரம்மா, உங்க வீட்டுப் பொண்ணு சும்மாதானே இருக்கு? அனுப்பி வைங்க. புது மேசை போடுறோம்."

"சும்மா இல்ல. படிக்குது," என்றாள் மேஜரம்மா.

அவர் போனதும் விரிப்பு விரிந்தது. இருவரும் நெருங்கியபோது தம்பி மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அடுத்த மாச வாடகைக்கு அவளையும் இந்த மேசைக்குத்தான் கூட்டிட்டு வரணும் அண்ணி. எனக்கு வேற வழி தெரியல."

மேஜரம்மா விலகி நடந்தாள்.

வீடு என்பது ரயில் பாதை ஓரத்தில் ஒரு அறை. ஒவ்வொரு முறை வாடகை ஏறும்போதும் ரயில் பாதையோடு கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்து இங்கே நின்றிருந்தார்கள். சமையல் திரைக்குப் பின்னால். தம்பி மகள் கட்டில்மேல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து படித்தாள். யாராவது படுக்க வேண்டுமென்றால் அவள் எழுந்திருக்க வேண்டும். தம்பி ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள பெரிய வீடுகளின் படுக்கையறைகளையெல்லாம் குளிரவைத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்து மாநிலத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு வேலை. கூட்டாளி பேசி முடித்திருந்தான். வர முடியுமா, முடியாதா என்று சொன்னால் போதும்.

"நீ போ," என்றாள் மேஜரம்மா. "நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"உன்ன விட்டுட்டு நான் எங்கக்கா போறது? பெத்தவ போனப்புறம் தூக்கி வளர்த்தது நீ. நீ வந்தா போறோம். வரலேன்னா இல்ல. அதோட விடு."

"அப்பா இந்த ஊர்ல பாதி வீட்டுக்குக் கதவு செஞ்சு மாட்டினவர். மேஸ்திரி பிள்ளைங்க வாடகை கொடுக்க வக்கில்லாம மாநிலத்த விட்டே ஓடிட்டாங்கன்னு நாலு பேர் பேசணுமா?"

"எந்த நாலு பேரு? எதிர் வீட்டுக்காரர் மகளோட போயிட்டார். தையல்காரர் எப்பவோ எல்லை தாண்டிட்டார். பால்காரர் செத்தே போயிட்டார். பேசுறதுக்கு நாம மட்டும்தான் பாக்கி. நம்மள நாமளே பேசிக்கிட்டாத்தான் உண்டு."

கட்டில்மேல் மகள் சிரித்துவிட்டாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு லீவு," என்றாள் மேஜரம்மா. "நம்ம தெருவுலயே ஒரு ரூம் பாத்துட்டு வரேன். அப்புறம் பேசலாம்."

நம்ம தெரு என்று அவள் சொன்னால் அது ஒன்றுதான். அவர்கள் பிறந்து வளர்ந்த தெரு. அந்த வீடும் வாடகை வீடுதான், ஆனால் அப்பா காலத்திலிருந்து வேறு யாரும் அதில் இருந்ததில்லை. வீட்டுக்காரர் இறந்ததும் மகன் விற்றுவிட்டான். காலி செய்த நாளிலிருந்து அவள் அந்தத் தெருவுக்குள் போகவில்லை. பஸ் அந்த முனையைத் தாண்டும்போது மட்டும் எட்டிப் பார்ப்பாள். முனையில் இருக்கும் மரம்தான் தெரியும். அதைப் பார்த்தாலே அன்றைக்குப் போதும்.

மறுநாள் காலையில் இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். புரோக்கர் ஏற இறங்கப் பார்த்து, "யாருக்கும்மா வீடு?" என்றார். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்க மேனேஜருக்கு."

புரோக்கர் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். அப்புறம் சின்ன அறை எதையும் அவர் காட்டவில்லை. மேனேஜருக்குத் தகுந்த வீடுகளையே காட்டினார். மாடிப்படி ஏறி இறங்கி, தொட்டி, அலமாரி, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் மேஜரம்மா தலையசைத்துப் பார்த்தாள். வாடகையைச் சொன்னபோதும் அதே தலையசைப்பு. இனி மாற்றிச் சொல்ல முடியாது.

"குடும்பம் வர்றவரைக்கும் சாருக்குத் தங்க ஒரு இடம் இருக்கு, பாருங்க," என்று அவர் திறந்த வீடு, அவளும் தம்பியும் பிறந்து வளர்ந்த அதே வீடு.

"பழைய காலத்து வீடும்மா. வெளியூர்க்காரங்களுக்கு இதுன்னா உயிரு. நாள் வாடகைதான்."

சமையலறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட குளியலறை. அம்மா கடைசியாகப் படுத்திருந்த மூலையில் அகலக் கட்டில். மேலே, தம்பிக்குத் தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கி இன்னும் இருந்தது. அதில் ஒரு விளக்கு தொங்கியது.

"அதெல்லாம் வேணும்னே விட்டு வச்சிருக்காங்க," என்றார் புரோக்கர், அவள் பார்ப்பதைப் பார்த்து. ஒரு ராத்திரிக்கு என்ன வாடகை என்பதையும் சொன்னார். ரயில் பாதை ஓரத்து அறைக்கு அவர்கள் மாதம் முழுவதற்கும் கொடுப்பது அது.

கட்டிலின் கால்மாட்டில் மாற்று விரிப்பு ஒன்று மடித்து வைத்திருந்தது. ஓரத்தில் பச்சை நூல். ஒரு மூலை ஒரு விரல் கம்மியாக இருந்தது. மேஜரம்மா குனிந்து அந்த மூலையை இழுத்துச் சரிசெய்தாள்.

"கலைச்சிடாதீங்கம்மா. அதெல்லாம் மெஷின்ல மடிச்சு வர்றது," என்றார் புரோக்கர்.

"இங்க குடும்பத்துக்குக் கொடுக்கமாட்டாங்களா?"

"குடும்பம் வந்தா உட்கார்ந்துக்கும்மா. அப்புறம் கிளப்ப முடியாது."

அவள் வீடு திரும்பியபோது தம்பி மனைவி துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். தம்பி வாசற்படியில் நகர்ந்து வழிவிட்டான்.

"அந்தத் தெரு இப்ப நல்லா இல்ல," என்றாள் மேஜரம்மா செருப்பைக் கழற்றியபடி. "வீடெல்லாம் ஈரம். மனுஷன் இருக்கிற மாதிரி இல்ல. உன் கூட்டாளிகிட்டச் சொல்லிடு. போகலாம்."

"நெசமாவா அக்கா?"

"பொண்ணு படிக்கணும். அவ்வளவுதான்."

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி அரைக்க ஆரம்பித்தாள். அரைக்க ஒன்றும் மீதியில்லை. கல் வெறுமனே சுற்றியது.

சாமான்கள் ஒரு மினி லாரிக்கு மேல் இல்லை. தம்பி மனைவியும் மகளும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். தம்பியும் மேஜரம்மாவும் பின்னால், சுருட்டிய மெத்தைமேல். தம்பி எட்டி டிரைவரிடம் ஏதோ சொன்னான். லாரி நெடுஞ்சாலைக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பியது.

"எங்கடா போறான்?"

"ஒரு தடவை தெருவப் பாத்துட்டுப் போயிடலாம். நீ கேக்கமாட்டே, எனக்குத் தெரியும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் காற்றில் கலைந்த தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

தெரு முனையில் குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது. அவள் வந்துபோன பிறகு போட்டது போலிருந்தது, பெயின்ட் வாசனை அடித்தது. புதுச் சீருடையில் ஒரு காவலாளி வந்தார். சாமான்களைப் பார்த்தார்.

"யாரைப் பார்க்கணும்?"

தம்பி வாயைத் திறந்தான். அதற்குள் மேஜரம்மா சொன்னாள். "யாரையும் இல்ல. வழி தப்பி வந்துட்டோம்."

"சாமான் வண்டி உள்ள வரக்கூடாதும்மா. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுங்க, பின்னால கார் நிக்குது."

லாரி ஓரத்துக்கு ஒதுங்கியது. கார் முன்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றது. பின் இருக்கையில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு இளம் தம்பதி. பெண் கண்ணாடியை இறக்கி, கைப்பேசியைப் பார்த்து, நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க பழைய வீடு ஒண்ணு, ரூம் எடுத்துத் தங்கலாமாமே. எந்தப் பக்கம் போகணும்?"

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நேரா போங்க," என்றாள் மேஜரம்மா. "வலது பக்கம், கிணத்துக்கு அடுத்த வீடு. கதவு கீழ கொஞ்சம் பிடிக்கும். தள்ளினா திறக்காது. லேசாத் தூக்கித் தள்ளணும்."

"தேங்க்ஸ்ம்மா," என்றாள் அந்தப் பெண்.

காவலாளி விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். கட்டை உயர்ந்தது.