பக்கத்து சீட்டின் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. பதினோரு வருடமாக ஒரே சின்ன ஹேட்ச்பேக், பக்கத்து சீட்டில் நான். என் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்றுக்கொள்பவர் சொதப்பினால் நான் மிதிப்பதற்காக வைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று படித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இத்தனை வருடத்தில் என் வண்டி ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை கடுகடுவென்றுதான் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். என் தங்கை லைசென்ஸ் டெஸ்ட்டில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் ஒரே தவறு: வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதே வண்டி, அதே பிரேக். என்னோடு ஓட்டும்போது மட்டும் கோட்டில் கச்சிதமாக நிறுத்துவாள். காரில் வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வரும் வேலை ஒன்று ஒரு லேபில் அவளுக்குக் கிடைத்திருந்தது. வேலை இல்லாமல் இரண்டு வருடம் வீட்டில் இருந்தவள். வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை.

தப்பு அவள் மேல் இல்லை, பிரேக் மேல்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கொஞ்ச நாளாகப் பிரேக் பிடித்தாலே ஸ்டீயரிங் உதறிக்கொண்டும் இருந்தது.

மெக்கானிக் நிதானமான மனிதர். ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்குள் நான் நான்கு கேள்வி கேட்டு முடித்திருப்பேன்.

“அண்ணே, முன்னாடி ரெண்டு வீலுக்கும் நல்ல பிரேக் டிஸ்க்கா போடுங்க. ரேஸ் கார்ல இருக்குமே, ஓட்டை ஓட்டையா, அது. இல்லன்னா இதவிடப் பெருசா ஒண்ணு.”

அவர் சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“பெருசு இந்த ரிம்முக்குள்ள நுழையாது டீச்சர். வீலையே மாத்தணும்.”

“அப்போ ஓட்டை போட்டது?”

“பாக்க அழகா இருக்கும். ஆனா உங்க வண்டி சூடாகுற சூட்டுக்கு ஓட்டையச் சுத்தி விரிசல் விட்டுரும். கோடு வெட்டின டிஸ்க் இருக்கு. அது தேவலாம். என்ன, பிரேக் பேடைக் கொஞ்சம் சீக்கிரம் தின்னும்.”

“தின்னா தின்னுட்டுப் போகட்டும். அதையே போடுங்க.”

“அவசரப்படாதீங்க. இதப் பாருங்க.”

டிஸ்க்கின் வழவழப்பான முகத்தில் திட்டுத் திட்டாக நீலம் ஏறியிருந்தது. சூடு மிஞ்சினால் இரும்பு அப்படி ஆகுமாம்.

“பாரம் ஏத்திக்கிட்டு மலையிலருந்து எறங்குற வண்டில இதப் பாத்திருக்கேன். நீங்க தெருவுக்குள்ள உருட்டுற ஆளு. உங்களுக்கு எப்படி?”

“மட்டமான டிஸ்க்கு. அதான்.”

“போன வருஷம் நான்தான் புதுசு போட்டேன்,” என்றார் அவர். சக்கரத்தைத் திரும்ப மாட்டினார். “வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நான் ஓட்டுறேன்.”

நான் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவருக்கும் வழக்கம்போலப் பாடம் எடுத்தேன். சைக்கிள் வருது பாருங்க. கதவு திறக்குறாங்க பாருங்க. தெருமுனையில் வண்டி வேகம் குறைந்து அழகாகக் கோட்டில் நின்றது.

“இப்போ நல்லாத்தானே நிக்குது?” என்றேன்.

“நல்லாத்தான் நிக்குது. ஆனா நான் பிரேக்கே போடலையே.”

வலது காலைத் தரையில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அவருடைய பிரேக் பெடல் தன்னால் கீழே இறங்கியிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். என் கால் என் பெடலை முழுதாக அமுக்கிக்கொண்டிருந்தது.

“கெளம்பினதுலேருந்து நீங்க காலை எடுக்கவே இல்ல. எப்பவும் லேசா ஒரு அமுக்கு. பாவம், டிஸ்க் வேகாம என்ன செய்யும்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்ட வாயைத் திறந்தபோதுதான் தங்கை நினைவுக்கு வந்தாள். அவள் பெடலைத் தொட்டாலே போதும், மீதியை நான் மிதித்துவிடுவேன். அவளுக்குத் தெரிந்த பிரேக் அவ்வளவுதான். டெஸ்ட் அதிகாரி காலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“சரிண்ணே, எந்த டிஸ்க் போடலாம்?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“சாதாரணமானதே போதும். நீங்க காலை எடுத்துட்டா.”

அன்று சாயங்காலம் தங்கையிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அப்போ இத்தனை நாள் நீதான் ஓட்டினியா?”

“உனக்கு எதுவும் ஆகிடக்கூடாதேன்னு...”

“ரெண்டு தடவை ஃபெயிலாகி, நான் எதுக்குமே லாயக்கில்லன்னு பாத்ரூம்ல உக்காந்து அழுதேன்க்கா. உனக்குத் தெரியுமா?”

தெரியும். குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெட்கமாக இருந்தது. மன்னிச்சிடு என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரெடியா இரு,” என்றேன்.

செவ்வாயும் புதனும் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கோட்டுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்திருந்தேன். முதல் தடவையே அவள் வாளியை நசுக்கிவிட்டாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், ஆனால் காலை இறக்கவில்லை. அடுத்த வாளி பிழைத்தது. புதன் மாலை அதற்கு ஒரு சாண் முன்னால், தொடர்ந்து பத்து முறை நிறுத்தினாள்.

வியாழக்கிழமை மைதானத்தின் ஓரத்தில் என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். வளைவைத் தாண்டி வண்டி கோட்டை நோக்கி வந்தது. பக்கத்து சீட்டில் அதிகாரி கையில் அட்டையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அவள் மிதிக்கவில்லை. மிதிடீ, மிதி. வண்டி நின்றது, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.

பாஸ் என்று எழுதிய சீட்டோடு வந்தவள் முதலில் என் காலைத்தான் பார்த்தாள். வலது செருப்பின் வார் அறுந்து தொங்கியது. அடியில் மண் குழிந்திருந்தது.

“இங்கேயும் பிரேக் போட்டியா?”

அவள் சாவியைச் சுற்றிக்கொண்டே நடந்து, வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

“இங்க உக்காரு. இங்கதான் பெடல் இல்ல.”

அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். பதினோரு வருடத்தில் என் வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.