கடைக்குட்டியைக் காணோம்

"பதினொண்ணு," என்றாள் அவள், பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலேயே. "மறுபடியும் பதினொண்ணுதான்."

திரையில் புயல் நெருங்கிக்கொண்டிருந்தது. மலையடிவார வீட்டின் கதவு காற்றில் அடித்து அடித்துத் திறந்தது. உள்ளே பிள்ளைகள் ஈரத் தலையோடு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். இந்த அத்தியாயத்தில் வீட்டில் இருக்க வேண்டிய பன்னிரண்டு பேரும் வந்தால்தான் கதவு மூடும். கதவு மூடினால்தான் அத்தியாயம் முடியும், அடுத்தது திறக்கும். மூடவில்லை என்றால் விளையாடுபவன் விடிய விடியப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திரையின் மூலையில் ஒரே ஒரு வரி மினுங்கியது: இன்னும் ஒருவர் வரவில்லை.

"உங்களைச் சேர்த்து எண்ணினீங்களா?" பின்னாலிருந்து கேட்டார் கதைக்காரர்.

"சேர்த்துதான். அந்தத் தப்பெல்லாம் நான் பண்ண மாட்டேன்."

பண்ணவும் மாட்டாள். வெளிவரப்போகும் விளையாட்டுகளை முதலில் ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதே நாற்காலி. ஒரு மரத்தின் நிழல் தப்பான பக்கம் விழுந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கழுகு. கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். மேசை மேல் பெயர்ப் பலகையே அப்படித்தான் வைத்திருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது.

நாலு மணிக்கு இறுதிப் பிரதி வெளியீட்டாளருக்குப் போக வேண்டும். நேற்று மதியம்வரை கதவு ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தது. இன்று காலையிலிருந்து மூட மறுக்கிறது.

"யார் இல்லைன்னு பாருங்க," என்றார் கதைக்காரர். நாற்காலியை நெருங்கி வந்து குனிந்தார். பதறாமல் என்ன செய்வார்? மூன்று வருஷமாக அந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராகப் பெற்றெடுத்தவர் அவர்தான்.

கழுகு பிள்ளைகளின் முகங்களை வரிசையாகப் பார்த்தாள். உம்மணாமூஞ்சி இருக்கிறான். இரட்டையர் இருவரும் இருக்கிறார்கள். வாயாடி இருக்கிறாள்...

"கடைக்குட்டி," என்றாள். "கடைக்குட்டியைக் காணோம்."

கதவு திறந்தது. திரையில் இல்லை, அறையில். தயாரிப்பு மேலாளர் உள்ளே வந்தார். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கத்தரி என்று பெயர். எந்த விளையாட்டு வந்தாலும் முதலில் எதை வெட்டலாம் என்றுதான் பார்ப்பார். ஒரு காலத்தில் அவரும் கணினி முன் உட்கார்ந்து நிரல் எழுதியவர்தான் என்று சொல்வார்கள். யாரும் பார்த்ததில்லை.

"என்ன நிலவரம்?"

"ஒரு குழந்தை தொலைஞ்சு போச்சு சார்."

"பதிமூணு பெத்தா அப்படித்தான்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்றரைவரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள காரணம் கிடைக்கலைன்னா அஞ்சு பேர் பிரதிதான் போகும்."

அஞ்சு பேர் பிரதி. இரண்டு மாதத்துக்கு முன்பே ஆபத்துக்கு இருக்கட்டும் என்று தயார் செய்து பூட்டி வைத்திருந்தார். அதில் எட்டுப் பிள்ளைகள் கிடையாது. பிறக்கவே இல்லை.

"சார், எட்டுப் பேர்," என்றார் கதைக்காரர். "எந்த எட்டை எடுப்பீங்க?"

"யாரை எடுத்தா செலவு கம்மியோ அவங்களை. யோவ், ஊர் உலகத்துல கேம்ல ஹீரோன்னா அனாதையா இருப்பான். முதல் காட்சியிலயே வீடு எரிஞ்சிடும். வேலை மிச்சம். நீர் ஒருத்தர்தான் ஹீரோவுக்கு முன்னால நாலு, பின்னால எட்டுன்னு வரிசை கட்டி விட்டிருக்கீர்."

"அவன் வீட்டுக்குத் திரும்பி வரணும்ல சார். வீட்ல யாருமே இல்லைன்னா எதுக்கு வருவான்?"

கத்தரி கைக்கடிகாரத்தைத் தட்டினார். "மூன்றரை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கழுகு மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினாள். கைகள் வேகமாக இயங்கின. மனம் மட்டும் அந்த வீட்டிலேயே சுற்றியது.

முதன்முதலில் இந்த விளையாட்டு அவள் மேசைக்கு வந்தபோது, பதிமூன்று என்ற எண்ணைப் பார்த்துச் சிரித்தவள் அவள். ஒரே வாரத்தில் வாயை மூடிக்கொண்டாள். என்னமாய் இழைத்திருந்தார் மனிதர். மூத்த அண்ணன் சட்டை ஏழாமவனுக்கு வரும்போது கை மடித்திருக்கும். ஒன்பதாமவனுக்கு வரும்போது பொத்தான் ஒன்று குறையும். காலையில் குளியலறை வாசலில் வரிசை நிற்கும். அந்த வரிசையில் நடுவில் நுழைய எட்டாமவளுக்கு மட்டும் எட்டு விதமான பொய் தெரியும். ஒருவன் திட்டு வாங்கினால் மூன்று பேர் சிரிப்பார்கள், இரண்டு பேர் போய்ப் பக்கத்தில் உட்காருவார்கள். யார் சிரிப்பார்கள், யார் உட்காருவார்கள் என்பது அன்றைய சண்டையைப் பொறுத்தது.

ஒரு நாள் சோதனைக்காக ஒன்பதாமவன் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கும்படி ஒரு கடைக்காரனை ஏவினாள். அதுவரை தலை சீவும் சீப்புக்காக ஒருவர் முடியை ஒருவர் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரட்டையர் சீப்பைப் போட்டுவிட்டு வந்தார்கள். பின்னால் இன்னும் நாலு பேர். கடைக்காரன் தெருக்கோடிவரை ஓடினான். இதைக் குறை என்று எழுதி அனுப்பினாள். கதைக்காரரிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: "குறை இல்லை. கூடப் பிறந்தவர்கள்."

அத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரே விதி. புயலோ மழையோ வந்தால், உனக்கு அடுத்துப் பிறந்தவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் அவருடைய குடையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வா. அவ்வளவுதான். இரண்டாமவன் மூன்றாமவளைத் தேடிப் போவான், மூன்றாமவள் நாலாமவனை. மழை தொடங்கினால் தெரு முழுக்கக் குடைகள் ஒன்றையொன்று தேடி நடக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது கழுகு குறை எழுதும் நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

மணி மூன்று ஐந்து.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஆட்டுக் கொட்டகையில் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பரண் மேல், பள்ளிக்கூடத்து மணிக்குக் கீழே என்று கடைக்குட்டி ஒளியும் இடமெல்லாம் பார்த்தாயிற்று.

"கிடைச்சாளா?"

"பேசாம இருங்க. நீங்க மூச்சு விடறதே எனக்கு இடைஞ்சலா இருக்கு."

கதைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

மூன்று பன்னிரண்டுக்குக் கழுகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாம தப்பு பண்றோம். தொலைஞ்சதுக்கு அப்புறம் தேடிட்டு இருக்கோம். தொலையறதுக்கு முன்னாலயே அவ பின்னால போகணும்."

ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். இந்த முறை யாரையும் கூட்டி வரவில்லை. கதாநாயகனை, அதாவது ஐந்தாமவனை, கூடத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். துப்பறிகிறவர்கள் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது போல.

புயல் மணி அடித்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள்.

முதலில் வந்தவள் கடைக்குட்டி.

"அட, வீட்லதான் இருக்கா," என்றார் கதைக்காரர்.

"உஷ்."

ஐந்து வயதுப் பெண். அண்ணன்மார் ஐந்து பேரைத் தாண்டி வந்த சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவள் கூடத்தில் நின்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு குடைகள் மாட்டியிருந்த கொக்கி வரிசைக்குப் போனாள். எம்பினாள். எட்டவில்லை. இரண்டாவது முறை எம்பி ஒரு குடையைப் பறித்தாள். யாரும் கவனிக்காத நேரத்தில் பின்கட்டு வழியாக வெளியே நழுவினாள்.

கழுகின் விரல்கள் பறந்தன. ஐந்தாமவன் அவளைப் பின்தொடர்ந்தான். சாத்திய கடைகளைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பாலத்துக்கு அடியில் குனிந்து அவள் போய்க்கொண்டே இருந்தாள். குடையை விரிக்கவில்லை. இரு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

தெரு முடிந்தது. படகுத்துறை வந்தது. அதற்கு அப்பால் வரைபடமே கிடையாது. வெறும் ஆறு, வெறும் மூட்டம்.

கடைக்குட்டி கடைசிப் படியில் உட்கார்ந்தாள். குடையை மடியில் கிடத்தினாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கழுகு 'தூக்கு' பொத்தானை அழுத்தினாள். பயனில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் திரும்பவில்லை.

"யார் குடை அது?" என்று கேட்டார் கதைக்காரர். "கிட்டக் கொண்டு போங்க."

காட்சியைப் பெரிதாக்கினாள். கைப்பிடியில் பச்சை நாடா.

"பெரியக்காவோடது," என்றார் அவர்.

கதைப்படி பெரியக்கா முந்திய அத்தியாயத்திலேயே வேலைக்கென்று படகேறி அக்கரைக்குப் போய்விட்டாள். பதிமூன்றில் பன்னிரண்டு பேர் மட்டும் வீட்டில் மிச்சம் இருந்தது அதனால்தான்.

"இதை நான் எழுதலை," என்றார். "கடைக்குட்டிக்குக் கீழ யாருமே இல்லையே. அவ யாரையும் கூப்பிடப் போகவே வேண்டியதில்லை. வேற யாரோ எழுதியிருக்காங்க."

"பார்த்துடலாம்." கழுகு நிரலைத் திறந்து நேற்றைய மாற்றங்களைத் தேடினாள். ஒரே ஒரு மாற்றம். நேற்று மாலை ஆறு நாற்பது. யார் எழுதியது என்ற இடத்தை அவள் பார்த்தாள். புருவம் ஒரு கணம் உயர்ந்து இறங்கியது. சட்டென்று அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டு, எழுதப்பட்ட வரியை மட்டும் பெரிதாக்கினாள்.

கடைசியாகப் பிறந்தவருக்கு அடுத்தவர், முதலில் பிறந்தவர். அவ்வளவுதான் அந்த வரி. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'பெரியக்காவைக் கூப்பிட யாரும் போவதில்லை.'

கதைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். "மூணு வருஷம்," என்றார் மெதுவாக. "மூணு வருஷமா எனக்கு இது தோணலையே."

"ரசிக்கறதெல்லாம் அப்புறம். மணி மூன்று இருபத்தேழு. வரியை எடுத்துடலாமா? எடுத்தா ரெண்டு நிமிஷத்துல கதவு மூடிடும். பதிமூணும் பிழைச்சுடும்."

"எடுக்காதீங்க."

இருவரும் திரும்பினார்கள். கத்தரி. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. பார்வை திரையில், படகுத்துறையில் இருந்தது.

கதைக்காரர் எழுந்தே விட்டார். "சார், இது நியாயமில்லை. காரணம் கிடைச்சாச்சு. மூன்றரைகூட ஆகலை. இதுக்கு மேலயும் அஞ்சு பேர் பிரதின்னா நான் ராஜினாமா பேப்பர் போட்டுட்டுப் போயிடுவேன்."

"உட்காரும்யா. அஞ்சு பேர் பிரதின்னு யார் சொன்னது? பதிமூணு பேர் பிரதியே போகட்டும். இந்த வரியும் அதோட போகட்டும். அந்தப் பொண்ணு ஏன் எழுந்து வர மாட்டேங்குது? அதைச் சொல்லுங்க."

கழுகுதான் சொன்னாள். கூப்பிடப் போனவரை மற்றவர்கள் கூப்பிடப் போகக் கூடாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. அது இல்லையென்றால் பன்னிரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக மழையில் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைக்குட்டி கூப்பிடப் போனவள். கூப்பிடப்பட வேண்டியவளோ வரைபடத்திலேயே இல்லை. அதனால் அவள் திரும்பவும் மாட்டாள், அவளைத் தேடி யாரும் வரவும் மாட்டார்கள்.

"அப்ப விலக்கைத் தளர்த்துங்க. படகுத்துறையில மட்டும். ஒரு ஆளுக்கு மட்டும்."

"எந்த ஆளுக்கு?"

"விளையாடறவனுக்கு. அவன் போய்த் தூக்கிட்டு வரட்டும். அதுக்குத்தானே அவனை அண்ணனா வெச்சிருக்கீர்."

கதைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கினார். கழுகு பக்கத்திலிருந்து பிழை பார்த்தாள். கத்தரி நின்றுகொண்டே இருந்தார். யாரோ கொண்டு வந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது.

மூன்று நாற்பத்தெட்டு. கடைசிச் சோதனை.

ஐந்தாமவன் மழையில் ஓடினான். படகுத்துறையில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கழுகு பொத்தானை அழுத்தினாள். கடைக்குட்டி ஆற்றை ஒரு முறை பார்த்துவிட்டு இரு கைகளையும் உயர்த்தினாள். அவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் அவள் முகம் பின்பக்கம், ஆற்றின் திசையில் இருந்தது. அதை யாரும் தனியாக எழுதவில்லை. தோளில் தூக்கினால் எந்தக் குழந்தைக்கும் முகம் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

வாசலில் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மணாமூஞ்சி துண்டை எடுத்து அவள் தலையில் போட்டான். கதவு மூடிக்கொண்டது.

"பன்னிரண்டு," என்றாள் கழுகு.

மூன்று ஐம்பத்தாறுக்கு இறுதிப் பிரதி போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்தது. கதைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லுங்க கழுகு. யார் எழுதினது அந்த வரியை? அந்தக் கையைப் பிடிச்சு நாலு வார்த்தை சொல்லணும். கேட்காம எழுதினதுக்கு நாலு வார்த்தை தனியா இருக்கு."

கழுகு சுருக்கி வைத்திருந்த பகுதியை விரிக்கவில்லை. கத்தரியைப் பார்த்தாள். "நீங்களே சொல்றீங்களா சார், இல்லை நான் சொல்லட்டுமா?"

கத்தரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நேத்து எல்லாரும் கிளம்பினதுக்கப்புறம் சும்மா போட்டுப் பார்த்தேன்," என்றார். "எல்லாரும் தனக்குக் கீழ இருக்கிறவங்களையே தேடிட்டுப் போறாங்க. ஒரு வரிதானேன்னு சேர்த்தேன். அது ஆத்தங்கரை வரைக்கும் போய் உட்காரும்னு நான் நினைக்கலை. காலையிலிருந்து இதனாலதான் சிக்கல்னும் தெரியாது."

கதைக்காரர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். கேட்டார்: "அஞ்சு பேர் போதும்னு தினமும் என் உயிரை வாங்கினீங்க. பெரியக்காவைக் கூப்பிட யாரும் போறதில்லைங்கறது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார் கத்தரி.

"எங்க வீட்ல பதினாலு பேர்," என்றார். "கடைக்குட்டி நான்."