எட்டுக் கையும் புளித் தண்ணியும்

கார்மேலா அம்மா எங்கள் பங்குக் கோயில் மண்டபத்துக்கு ஒரு கண்ணாடிச் சரவிளக்கைத் தந்தா. அவவின் பாட்டன் இத்தாலியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. வெனிஸுக்குப் பக்கத்துத் தீவொன்றில் வாயால் ஊதிச் செய்தது. எட்டுக் கை, நூற்றைம்பது வயது, ஒரு யானைக்குட்டியின் நிறை. சரி, அரை யானைக்குட்டி.

வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறா. "ஞாயிறு பூசை முடிய வாறன். அது தொங்கிறதைப் பாத்திட்டுத்தான் போவன்" என்றா. "நான் பொருத்திப் பூட்டித் தாறன்" என்று பங்கு முழுக்கக் கேட்க நெஞ்சில் தட்டியவன் நான். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் முப்பது வருடம் விமானப் பாகம் பூட்டியவனுக்கு ஒரு விளக்கு என்ன பெரிய காரியமா?

சனி காலை பார்த்தால், கழற்றிக் கொண்டுவந்த விளக்குக் கையெல்லாம் ஒரு அடி தூசி. கோயில் குத்துவிளக்கை எதால் மினுக்குவோம்? புளியால்தானே! மண்டபக் குசினியில் புளி கரைத்து எட்டையும் ஊறவைத்தேன். கண்ணாடி சூரியனைத் தோற்கடித்தது. எந்தக் கை எந்தத் துளைக்கு என்று ஒவ்வொன்றிலும் கட்டியிருந்த இலக்கத் துண்டுகள் மட்டும் கரைந்து கூழாய்ப் போயின.

"அதாலை என்ன? எட்டும் ஒண்டுதானே, எந்தக் கையும் எந்தத் துளைக்கும் போகும்" என்றேன் மனைவி மாக்கிரட்டிடம். நான் சொல்லும் எதையும் பத்தால் வகுத்துத்தான் அவள் நம்புவாள்.

போகவில்லை. போன கையும் கோணலாய் நின்றது.

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். இது அச்சில் வார்த்ததல்ல. உருகிய கண்ணாடியைக் குழாய் நுனியில் எடுத்து, ஊதி, இழுத்து, கயிறுபோல் முறுக்கி, ஆறுமுன் கண்ணளவில் வளைத்திருக்கிறான் ஒருவன். எட்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்; இரட்டையர் இல்லை. ஒன்றின் தண்டுக்குள் மிளகளவு குமிழ். நூற்றைம்பது வருடமாய் வெளியே விடாத மூச்சு! வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாற்பதாயிரத்து முந்நூற்றிருபது விதமாய் மாத்திப் பூட்டலாம், மாக்கிரட்."

"நாலாயிரமாக்கும்."

"இல்லையப்பா, இது மெய்க் கணக்கு!"

"ஆர் அவ்வளவும் செய்யச் சொன்னது? முதல் துளைக்கு எட்டையும் வச்சுப் பாருங்கோ. பொருந்தினதை விட்டிட்டு அடுத்ததுக்கு ஏழு. மிஞ்சினால் முப்பத்தாறு தரம்."

விளக்கை இடுப்புயரத்தில் தொங்கவிட்டு, கை நுனிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் ஒரு பக்கம் சரிந்து வழிந்தால் கை பிழை. முப்பத்தோராம் தரம் எட்டும் நேராய் நின்றன. நான் நோவாவின் வெள்ளத்தில் தப்பியவன்போல் நின்றேன்.

ஞாயிறு கார்மேலா அம்மா தடியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தா. முகம் சுருங்கியது.

"இது எங்கட விளக்கு மாதிரி இல்லையே."

மாக்கிரட் என்னைக் கிள்ளினாள். வாழ்க்கையில் முதல் தரமாக என் வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. புளிக் கதையை அப்படியே சொன்னேன்.

அவ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. "எங்கட வீட்டில ரெண்டு கை குடிவெறிகாரன் மாதிரிச் சரிஞ்சுதான் நிண்டது. இலக்கம் போட்டது என்ர மனுசன் பீனோ. பிழையெண்டு நான் சொல்ல, கண்ணாடி ஊதினவன்தான் பிழை எண்டு சாகுமட்டும் நிண்டவர்."

பிறகு தடியை விளக்கை நோக்கி உயர்த்தி, மண்டபம் அதிரக் கத்தினா:

"கேட்டீரோ, பீனோ? உம்மட இலக்கம்தான் பிழை!"