தொட்டிக்குள்ளிருந்து பார்த்தவன்

ஹாஸிம் சாட்சி சொல்வான் என்பதில் இப்திஹாலுக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை. கூடப் பிறந்த தம்பி. அவள் புருஷனை இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன். அவன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

தல் ரும்மான் என்ற அந்த ஊரில் சண்டை ஓய்ந்து, எரிந்து கிடந்த நீதிமன்றத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, மேசை நாற்காலி போட்டுத் திறந்தபோது, முதல் ஆட்களில் ஒருத்தியாகப் போய்ப் புகார் கொடுத்தவள் அவள். புருஷன் முவஃபக் அதே நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவன். டைக்ரிஸ் ஓரத்து ஊர்களையெல்லாம் மோட்டார் சைக்கிளில் சுற்றி, கதவு கதவாகத் தட்டி, திட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வருவான். கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் பழைய அரசாங்கத்தில் சம்பளம் வாங்கியவர்களை வீடு வீடாகத் தேடினார்கள். அந்தத் தெருவில் அவர்களுக்கு வீடு காட்டிக் கொடுத்தவன், முனையில் டயர் கடை வைத்திருந்த கஸ்வான்.

அன்றைக்கு ஹாஸிம் அக்கா வீட்டு மாடியில் இருந்தான். போலீஸ்காரனாக இருந்தவன், கையில் கிடைத்தால் நின்ற இடத்திலேயே சுட்டிருப்பார்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோய்க் காலியாகக் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் அவனை இறக்கி மூடி வைத்திருந்தாள் இப்திஹால். முகத்தைத் துணியால் மூடித் துப்பாக்கியோடு நின்றவன், "வீட்ல வேற யாரு இருக்கா?" என்று கேட்டான். கஸ்வானின் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. "நானும் அவரும்தான்" என்றாள். மாடியில் ஏறிப் பார்க்கவா என்றான். "பாத்துக்குங்க" என்றாள். அவர்கள் ஏறவில்லை. முவஃபக்கும் வாயைத் திறக்கவில்லை. போலீஸ்காரன் மேலே இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை முவஃபக்கை விட்டுவிட்டுக்கூடப் போயிருப்பார்கள்.

தொட்டியின் துருப்பிடித்த ஓட்டை வழியாக ஹாஸிம் தெருவைப் பார்த்தான். வியர்வை துடைப்பதற்காக முகத்துத் துணியை அவிழ்த்த கஸ்வானைப் பார்த்தான். முவஃபக்கின் காலரைப் பிடித்து வண்டியில் ஏற்றியவன் அவன்தான். வண்டி போன பிறகு கீழே இறங்கி வந்து அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, "நான் சாகுற வரைக்கும் இதச் சொல்லுவேன்க்கா" என்று அழுதான். முவஃபக்கின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

கஸ்வான் பிடிபட்டதும் நீதிபதி பஸ்ஸாம் இப்திஹாலைக் கூப்பிட்டனுப்பினார். நரைத்த மீசை, எப்போதும் தூக்கம் கெட்ட கண்கள். "அம்மா, நீங்க குரலை வச்சுத்தான் அடையாளம் சொல்றீங்க. உங்க முன்னால நிக்கிறப்ப அவன் முகம் மூடியிருந்திச்சு. முகத்தைப் பாத்த ஒருத்தர் வேணும்" என்றார்.

"இருக்கான். என் தம்பி."

ஹாஸிம் மறுநாளே வந்து பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில் அவனுக்குப் பிடித்த, கோதுமை மாவுக்குள் கறி வைத்து வேகவைக்கிற மோசூல் குப்பா செய்து தருவதாகச் சொன்னாள். குப்பா செய்து விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது. அன்று விற்பனைக்கு வைத்திருந்ததையெல்லாம் அவன் தட்டில் போட்டாள்.

அதற்கப்புறம்தான் ஹாஸிமின் மகன் ஸுஹைபைச் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள். தேடப்படுகிற எவனோ ஒருவனுக்கும் அவனுக்கும் ஒரே பெயர், தகப்பன் பெயரும் ஒன்று. தாத்தா பெயர் வேறு, வயது வேறு, ஊர் வேறு. அதைப் பார்க்க ஆளில்லை. ஹாஸிம் மனு மேல் மனுவாகக் கொடுத்தான். பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனால் நீதிமன்றத்துக்குப் போ என்றார்கள், நீதிமன்றத்துக்குப் போனால் அந்தக் கோப்பு இங்கே வரவே இல்லை என்றார்கள். குளிர் போய் வெயில் வந்தும் பையன் உள்ளேயே கிடந்தான். பிள்ளையில்லாத இப்திஹாலின் மடியில் வளர்ந்தவன் அவன். தம்பியோடு அவளும் அலைந்தாள். கஸ்வானின் பெரியப்பா மிஜ்பில் ஹாஜிக்கு அந்த அலுவலகத்தில் செல்வாக்கு உண்டு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

விசாரணை அன்று ஹாஸிம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அக்காவின் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தான். பதற்றமாக இருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். கூண்டுக் கம்பிக்குப் பின்னால் நின்ற கஸ்வானைப் பார்த்துக்கொண்டே நடுங்காமல் சொன்னாள். பிறகு ஹாஸிம் வந்தான். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"அக்கா வீட்டு மாடியில, தண்ணித் தொட்டிக்குள்ள."

"என்ன பாத்தீங்க?"

"எதுவும் பாக்கலங்க. உள்ள இருட்டு."

இப்திஹால் தனக்குத்தான் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

நீதிபதி மேசையிலிருந்த தாளை எடுத்தார். "இந்த ஆளோட முகத்தைப் பாத்ததா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"அக்கா அப்படிச் சொல்லச் சொன்னாங்க. பாவம், புருஷனப் பறிகொடுத்தவங்க, மனசு கேக்கல. எழுதிக் கொடுத்துட்டேன்."

கூடத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எல்லோர் பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. முவஃபக்கைக் கொண்டுபோன அன்றுகூட அவள் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. "பொய்" என்று எழுந்தாள். உட்காரச் சொன்னார்கள்.

கஸ்வான் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைத்தானா, வெட்கப்பட்டானா, அவளுக்குத் தெரியவில்லை.

வெளித் தாழ்வாரத்தில் தம்பியை மறித்துக்கொண்டாள். "ஏன்டா?"

ஹாஸிம் சுவரைப் பார்த்தான். "ஸுஹைப் வெளிய வர்றான்க்கா. வியாழக்கிழமை விடுறாங்க."

அவளுக்கு முழுதும் புரிய ஒரு நொடி பிடித்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

 பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. "மிஜ்பில் ஹாஜியே வீட்டுக்கு வந்தார். தொட்டிக்குள்ள இருட்டா இருந்திச்சுன்னு சொல்லு, போதும்னார். நீ கும்பிடுற இந்தக் கட்டடத்துக்கு நானும்தான் நடந்தேன். செருப்புத் தேய நடந்தேன். இது கோர்ட்டா இருந்திருந்தா எம்புள்ள அங்க கிடப்பானா? உள்ள அவனத் தலகீழாக் கட்டி அடிக்கிறாங்க. உன் புருஷன் செத்தாச்சு. என் மகன் உசுரோட இருக்கான்."

"சரி, பாக்கலன்னு சொன்ன. அக்கா சொல்லச் சொன்னான்னு ஏன்டா சொன்ன?"

ஹாஸிமின் குரல் இறங்கியது. "அப்படிச் சொன்னாத்தான் எழுதிக் கொடுத்தது நிக்காதுன்னாங்க."

"அந்தத் தொட்டி மூடிய இந்தக் கையாலதான் மூடினேன்" என்றாள் அவள். அவன் படி இறங்கிப் போனான்.

ஆதாரம் போதாது என்று கஸ்வானை விடுதலை செய்தார்கள். தீர்ப்பு படித்து முடித்ததும் நீதிபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அவர் பொய் சொல்றார்னு எனக்குத் தெரியும்மா" என்றார்.

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"எனக்குத் தெரியும்கிறது சாட்சியம் ஆகாது. எங்களுக்குத் தெரியும்னு சொல்லித்தானே கறுப்புக் கொடிக்காரங்க இந்த ஊர்ல ஆளுங்களக் கொன்னாங்க. நானும் அதையே செஞ்சா இந்த நாற்காலி எதுக்கு?"

அவர் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபம் கூடியது. "அப்ப என் தம்பி மகனுக்கு எந்தச் சாட்சியம் இருந்திச்சு? அவன் எப்படி இத்தன மாசம் உள்ள கிடந்தான்?"

"அது என் மேசைக்கு வரலம்மா."

"எதுதான் வருது உங்க மேசைக்கு? என் புருஷன் இந்தக் கோர்ட்டுச் சம்மனத் தூக்கிக்கிட்டு நாய்க்கடி பட்டவர். இந்தக் கோர்ட்டுக்காகத்தான் செத்தார்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேல்முறையீடு செய்யலாம் என்றார். புதுச் சாட்சி கிடைத்தால் பார்க்கலாம் என்றார்.

சொன்னபடி வியாழக்கிழமை ஸுஹைப் வந்தான். ஹாஸிம் வீட்டு வாசலில் ஆடு அறுத்தார்கள். இப்திஹால் போகவில்லை. ஆள் அனுப்பினார்கள், அப்போதும் போகவில்லை. இரண்டொரு நாள் கழித்து ஸுஹைபே வந்தான். கன்னம் ஒட்டி, முன்பல் ஒன்று போய், கிழவனைப் போல நடந்து வந்தான். அவள் தலையில் முத்தமிட்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குப்பாவை எடுத்து வைத்தாள்.

அவன் ஒரு வாய் தின்றுவிட்டு நிறுத்தினான். "அத்தை, எல்லாம் கேள்விப்பட்டேன். ஹாஜியோட ஆள் உள்ள வந்து என்னப் பாத்தான். உங்கப்பன் ஒரு பொய் சொன்னா நீ வெளியன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொன்னான். நான் ஜட்ஜ்கிட்ட போய்ச் சொல்றேன்."

"சொன்னா என்ன ஆகும்?"

"அப்பாவப் பொய்ச்சாட்சின்னு புடிப்பாங்க. என்னையும் மறுபடி தூக்குவாங்க. வேற ஏதாவது பேரச் சொல்லி."

போ என்ற சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. போய்ச் சொல், நான் பொய்காரி இல்லையென்று ஊருக்குத் தெரியட்டும், முவஃபக் வெறுமனே செத்துப் போகவில்லையென்று ஒரு காகிதத்தில் எழுதட்டும். தட்டைப் பிடித்திருந்த பையனின் விரல்களைப் பார்த்தாள். நகம் பிடுங்கிய இடத்தில் புதுத்தோல் சிவந்திருந்தது.

"போக வேணாம்" என்றாள்.

"இல்ல அத்தை, நான்..."

"வேணாம்னேன்ல. சாப்பிடு."

அவன் முகத்தில் அப்போது பரவிய நிம்மதியை அவள் பார்த்துவிட்டாள். அவன் மறைக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. இன்னொரு தரம் வற்புறுத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டான். அவன் போன பிறகு அவள் மாடிக்குப் போய்க் கொடியில் காய்ந்த துணிக்குக் கீழே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். தம்பி விற்றதைத் தானும் சேர்ந்து விற்றுவிட்டோமோ என்று மனம் அரித்தது.

கஸ்வான் டயர் கடையை மறுபடி திறந்தான். அவள் கடந்து போகும்போதெல்லாம் எழுந்து நின்று சலாம் சொன்னான். ஒரு நாள், "எது வேணும்னாலும் சொல்லுங்க, நானும் உங்க தம்பி மாதிரிதான்" என்றான்.

"ஆமா, அவன மாதிரியேதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

குரலைக் கேட்ட தன் சாட்சியத்தை மட்டும் வைத்து மேல்முறையீட்டு மனு கொடுத்தாள். நிற்காது என்று மனு எழுதியவரே சொன்னார். எழுதுங்கள் என்றாள். பாக்தாதிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

பெருநாளன்று ஹாஸிம் கையில் இனிப்புப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். கதவைச் சாத்திவிடுவாள் என்றுதான் அவன் நினைத்து வந்திருக்க வேண்டும். அவள் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க, உக்காருங்க" என்றாள்.

அவன் திகைத்தான். "என்னக்கா, வாங்க போங்கன்ற?"

அவள் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். பெருநாளைக்கு வருகிற அயலாரை உட்கார வைக்கிற இருக்கையில்தான் அவனை உட்கார வைத்திருந்தாள். "சர்க்கரை எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள்.

"நான் எப்படிக் குடிப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. நீங்க சொல்லுங்க."

பையனுக்காகத்தான் என்று ஹாஸிம் ஆரம்பித்தான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், குறுக்கே ஒரு சொல் பேசவில்லை.  பேச்சைப் பாதியில் விட்டு, அவன் சர்க்கரை போடாத தேநீரை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவள் வாசல் வரை வந்து, "பெருநாள் வாழ்த்துங்க. வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று வழியனுப்பிவிட்டு, அவன் தெரு திரும்பும்வரை நின்றிருந்து பிறகு கதவைச் சாத்தினாள்.